சல்காடோவின் கேமராக்கள், லென்சுகள்: பத்துமலைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "செபாஸ்டியாவோ சல்காடோ என்னென்ன கேமரா, லென்ஸ் பயன்படுத்தினார்? அடுத்த தைப்பூசத்தில் பத்துமலையை அவர் பாணியில் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசை. கையில் 5,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. பழைய லைக்கா ஒன்றைத் தேடவா, டிஜிட்டலில் போகவா?"

லைக்காவைத் தேட வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பாடி, இரண்டு லென்ஸ், ஒரு டிரை கேபினட் (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வாங்குங்கள். பிரேசில் புகைப்படக்காரரான சல்காடோ தம் வாழ்நாளில் நான்கு விதமான கேமராக்களுக்கு மாறினார். ஆனாலும் 1986-இல் எடுத்த படத்தையும் 2010-இல் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே ஆள் எடுத்தவை என்று உடனே தெரியும். மாறாமல் இருந்தவை வேறு: வெளிச்சம் வரும் திசை, கையில் இருந்த சில லென்சுகள், முன்னும் பின்னும் சேர்ந்து கூர்மையாக இருக்கும் காட்சி, பிரிண்ட் வரை கவனமாகக் கொண்டுபோன சாம்பல் நிறங்கள். ஒவ்வொரு கருவியையும் அவர் எதற்காக எடுத்தார், எதற்காக விட்டார் என்று பார்த்தால் இது புரியும்.

சல்காடோ 1944-இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், 2025 மே மாதம் பாரிஸில் காலமானார். படித்தது பொருளாதாரம். லண்டனில் சர்வதேச காப்பி அமைப்பில் வேலை பார்த்தார். 1970-இல் அவர் மனைவி லேலியா, கட்டடக் கலைப் படிப்புக்காக ஜெனீவாவில் ஒரு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவை 50 மி.மீ. லென்சோடு வாங்கினார். சல்காடோ முதன்முதலில் கண் வைத்துப் பார்த்த கேமரா அதுதான். 1973-இல் வேலையை விட்டு முழுநேரப் புகைப்படக்காரரானார். சிக்மா, காமா என்ற செய்திப்பட நிறுவனங்களில் இருந்து, 1979 முதல் 1994 வரை மேக்னம் குழுவில் இயங்கி, பிறகு லேலியாவோடு சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படங்கள் லைக்காவில் வந்தவை. 1984, 85-இல் ஆப்பிரிக்கப் பஞ்சம், 1986-இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கம், 1991-இல் குவைத் எண்ணெய்க் கிணற்றுத் தீ எல்லாம் 35 மி.மீ. ஃபிலிம். லைக்காவில் இரண்டு குடும்பங்கள் உண்டு. எம் வரிசை ரேஞ்ச்ஃபைண்டர்: லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ஆர் வரிசை எஸ்.எல்.ஆர்.: கண்ணாடி வழியாக லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்ப்பது. சல்காடோ இரண்டையும் பயன்படுத்தினார். எம்6, ஆர்6, ஆர்6.2 ஆகியவை அவர் பெயரோடு அதிகம் சேர்த்துச் சொல்லப்படுபவை. ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்6 விற்பனைக்கு வந்ததே 1988-இல். ஆகவே "செர்ரா பெலாடாவை எடுத்த ஆர்6" என்று யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். அதற்கு முந்தைய மாடல்களில் எடுத்த படங்கள் அவை.

ஆர்6-இன் சிறப்பு அதன் முழு இயந்திர ஷட்டர். பேட்டரி தீர்ந்தால் வெளிச்சமானி மட்டும் அணையும், எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்யும். மின்சாரம் இல்லாத ஊர்களில் வாரக்கணக்கில் தங்குகிறவருக்கு இது பெரிய விஷயம்.

லென்சுகளில் அவர் வைத்திருந்தவை 28, 35, 60 மி.மீ. (எண் சிறிதானால் காட்சி அகலம்). இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேமரா பெயர்களைவிட இவை முக்கியம். 28 கூட்டத்தின் நடுவே நின்று இடத்தையும் ஆளையும் சேர்த்து எடுக்க. 35 இரண்டு மூன்று பேரை அவர்கள் செய்யும் வேலையோடு எடுக்க. 60 முகத்துக்கும், அடுக்கடுக்காக நிற்கும் கூட்டத்தைச் சற்று நெருக்கிக் காட்டவும். அந்த 60 ஒரு மேக்ரோ லென்ஸ், மேக்ரோ-எல்மாரிட்-ஆர் எஃப்/2.8. 27 செ.மீ. வரை நெருங்கிப் போய்ப் பொருளின் பாதி அளவில் படம் தரும். கை ரேகை, சேறு படிந்த விரல் என்று போக வேண்டுமானால் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. எம் வரிசைக் கேமராவில் 60-க்கு எல்லைக் கோடு கிடையாது. 50-க்கு அடுத்தது 75. எம் லென்சுகள் பெரும்பாலும் 70 செ.மீ.-க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகா, ஆனால் ஆர் வரிசையின் 35 சம்மிக்ரான் 30 செ.மீ. வரை போகும். நெருங்கி வேலை செய்கிறவருக்கு எஸ்.எல்.ஆர். ஏன் தேவைப்பட்டது என்பது இதிலேயே விளங்கும்.

அவர் படங்களில் முன்னால் நிற்பவரும் பின்னால் நூறு மீட்டர் தள்ளி இருப்பவரும் ஒருசேரக் கூர்மையாக இருப்பதற்கு மந்திரம் எதுவும் தேவையில்லை. அவர் பயன்படுத்திய கறுப்பு வெள்ளை ஃபிலிமான ட்ரை-எக்ஸின் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 400. நல்ல வெயிலில் எஃப்/16 (அபெர்ச்சர் என்னும் லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் பெரிதானால் துவாரம் சிறிது) வைத்தால் ஷட்டர் 1/400 அல்லது 1/500 வரும். எஃப்/11 வைத்தால் 1/1000. எம்6, ஆர்6 இரண்டிலும் அதிகபட்ச வேகம் 1/1000தான். அதாவது வெப்பமண்டல வெயிலில் அந்தக் கேமராவும் அந்த ஃபிலிமும் சேர்ந்தால் எஃப்/11-ஐ விட அகலமாகத் திறக்கவே முடியாது. 28 மி.மீ. லென்சை எஃப்/11-இல் 2.4 மீட்டரில் ஃபோகஸ் வைத்துவிட்டால் 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் கூர்மை. 35-ஐ 3.7 மீட்டரில் வைத்தால் 1.9 மீட்டரிலிருந்து கூர்மை. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமலே நாள் முழுக்க எடுக்கலாம். 60-க்கு இந்தச் சலுகை இல்லை. எஃப்/8-இல் 3 மீட்டரில் நிற்பவரை ஃபோகஸ் செய்தால் 2.5 முதல் 3.75 மீட்டர் வரைதான் கூர்மை, ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் பார்க்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் எஃப்/1.4 லென்சுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு "சல்காடோ மாதிரி வரவில்லையே" என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். அவர் பாதை அதற்கு நேர் எதிர்.

2004-இல் ஜெனிசிஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அவர் ஃபிலிம் அளவை மாற்றினார். மனிதர் கை படாத நிலம், விலங்கு, பனிமலை எல்லாம் பெரிய பிரிண்டுக்கு வர வேண்டும். பென்டாக்ஸ் 645 எடுத்தார். அதன் நெகட்டிவ் சுமார் 56×41.5 மி.மீ.; 35 மி.மீ. நெகட்டிவைவிடப் பரப்பில் 2.7 மடங்கு. அதே ட்ரை-எக்ஸ், அதே அளவுப் பிரிண்ட் என்றால் குருணை (ஃபிலிமின் வெள்ளித் துகள் புள்ளிகள்) கிட்டத்தட்ட 1.6 மடங்கு நுண்மையாகத் தெரியும், இடைச் சாம்பல்கள் வழுவழுப்பாக இறங்கும். 220 ரோல் பயன்படுத்தினார். பின்தாள் இல்லாத ஃபிலிம் என்பதால் ஒரு ரோலில் ஏறக்குறைய 30 படம் வரும், 120 ரோலில் அதில் பாதிதான். இன்று 220-ஐக் கடைகளில் காண்பதே அபூர்வம், அதை நம்பிப் பழைய 645 வாங்க வேண்டாம்.

பென்டாக்சை அவர் கைவிட்டதற்குக் காரணம் விமான நிலைய எக்ஸ்ரே. 2001-க்குப் பிறகு சோதனை கடுமையானது. ஒரு பயணத்தில் பல விமானம் மாறினால் அதே ஃபிலிம் பல முறை கதிரில் போகும். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு ஒரு முறை போவதால் கண்ணுக்குத் தெரியும் கேடு வராமல் போகலாம். ஆனால் பாதிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். நெகட்டிவின் அடிப் புகை (வெளிச்சம் படாத இடத்திலும் படியும் கருமை) ஏறும்போது முதலில் செத்துப்போவது நிழல்களில் இருக்கும் மெல்லிய வேறுபாடு. நிழலையும் சாம்பலையும் நம்பி வேலை செய்கிறவருக்கு அது தாங்காத இழப்பு. 2008-இல் டிஜிட்டலுக்கு மாறினார்: கெனான் இ.ஓ.எஸ். 1டி.எஸ். மார்க் 3, முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார்), 2.1 கோடி பிக்சல்.

நீங்களும் ஃபிலிமோடு விமானம் ஏறினால், புதிய சி.டி. வகைச் சோதனை எந்திரங்கள் ஒரே முறையிலேயே ஃபிலிமைக் கெடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாகப் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில் ஃபிலிமை ஒருபோதும் வைக்காதீர்கள், அங்கே கதிர் இன்னும் வலுவானது.

டிஜிட்டலுக்குப் போன பிறகு அவர் செய்த மூன்று காரியங்கள், என் கணக்கில், இந்தப் பதிலிலேயே மிகவும் பயனுள்ள பகுதி. வ்யூஃபைண்டரை 645-இன் 4:3 விகிதத்துக்கு மறைத்துக்கொண்டார், கண் பழகிய சட்டகம் மாறக் கூடாதென்று. 5616×3744 பிக்சலில் 4:3 வெட்டினால் 4992×3744, சுமார் 1.87 கோடி மிஞ்சும், இழப்பு சொற்பம். இரண்டாவது, கோப்புகளுக்கு டி.எக்ஸ்.ஓ. ஃபிலிம்பேக் மென்பொருள் வழியாக ட்ரை-எக்ஸ் குருணையைச் சேர்த்தார்கள். ஒரே தொடரில் ஃபிலிம் படமும் டிஜிட்டல் படமும் அடுத்தடுத்து வர வேண்டியிருந்தது. மூன்றாவது, டிஜிட்டல் கோப்பிலிருந்து 4×5 அங்குல நெகட்டிவ் உருவாக்கி, இருட்டறையில் வெள்ளி ஜெலட்டின் தாளில் பிரிண்ட் போட்டார்கள். திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. கான்டாக்ட் ஷீட் (பல படங்களைச் சிறிதாகச் சேர்த்த தாள்) அச்சடிக்கச் சொல்லி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் பார்த்தார்.

இனி உங்கள் 5,000 வெள்ளி.

டிஜிட்டல் என்றால், முழு ஃபிரேம் பழைய பாடி ஒன்று, 28, 60 என்று இரண்டு லென்ஸ். 35-ஐ இப்போதைக்கு விட்டுவிடலாம், 28-இலிருந்து இரண்டு அடி முன்னே போனால் ஏறக்குறைய அந்தச் சட்டகம் கிடைக்கும். நிக்கான் டி750 பாடி, 28 எஃப்/1.8ஜி, பழைய ஏ.எஃப். மைக்ரோ 60 எஃப்/2.8டி: புடு பக்கத்துப் பழைய கேமராக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் அந்தத் தொகைக்குள் அடக்கலாம். 60 எஃப்/2.8டி லென்சுக்குள் மோட்டார் இல்லை, பாடியில் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். டி750-இல் உண்டு. அதே லென்சை நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் இசட் வரிசை மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவில்) மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். டி600 மலிவாகக் கிடைக்கும், ஆனால் சென்சாரில் எண்ணெய்ப் புள்ளி படியும் குறைக்குப் பேர் போனது. வாங்கும் முன் எஃப்/22-இல் வெள்ளைச் சுவரை எடுத்து நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஏ.பி.எஸ்.-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் மாற்ற வேண்டாம்: 18 மி.மீ. 28 போலவும், 40 மி.மீ. 60 போலவும் நடக்கும்.

ஃபிலிம்தான் வேண்டும் என்றால் நிக்கான் எஃப்.எம்.2 எடுங்கள். அதுவும் முழு இயந்திர ஷட்டர், வேகம் 1/4000 வரை. ஆர்6 தரும் நம்பகம் அதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். லென்சுகள் 28 எஃப்/2.8 ஏ.ஐ.எஸ்., 55 எஃப்/2.8 மைக்ரோ. அந்த 28, 20 செ.மீ. வரை நெருங்கும் மிக நல்ல லென்ஸ். 55 மைக்ரோவில் ஒரு பழைய வியாதி உண்டு: உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெயாகப் படியும், ஃபோகஸ் வளையமும் இறுகிப்போகும். எஃப்/32-இல் வைத்து, பின்புறம் உள்ள நெம்பியை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் சர்வீஸ் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

லைக்கா லென்ஸ் ஆசை விடவில்லையா? எம் லென்சை விட்டு ஆர் லென்சைப் பாருங்கள், விலை பொதுவாகக் குறைவு. மிரர்லெஸ் பாடிகளில் அடாப்டர் போட்டு எளிதாக மாட்டலாம். கெனான் எஸ்.எல்.ஆரில் லென்சுக்கும் ஃபிலிம் தளத்துக்கும் இடைவெளி 44 மி.மீ., லைக்கா ஆரில் 47 மி.மீ., ஆகவே 3 மி.மீ. அடாப்டருக்கு இடம் இருக்கிறது. ஆனால் முழு ஃபிரேம் பாடிகளில் சில லென்சுகளின் பின்பகுதி கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியில் இடிக்கும், கேட்டு உறுதி செய்யுங்கள். நிக்கான் எஸ்.எல்.ஆரில் இடைவெளி 46.5 மி.மீ., அரை மில்லிமீட்டருக்குள் அடாப்டர் நுழையாது, மவுண்டையே மாற்ற வேண்டும். எம் லென்சின் 27.8 மி.மீ. எந்த எஸ்.எல்.ஆரிலும் நடக்காது. ஆர் வரிசை ஃபிலிம் பாடியில் போடுவதானால் லென்சின் பின்னால் மூன்றாவது கேம் (கேமராவோடு இணைக்கும் உலோக மேடு) இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத பழைய லென்ஸ் ஆர்3 முதலான பாடிகளோடு சரியாகச் சேராது. ஆரம்ப கால ஆர்4 பாடிகளை, எவ்வளவு மலிவானாலும், வாங்காதீர்கள். அவற்றின் மின்சுற்றுக் கோளாறு பெயர் பெற்றது, உதிரிப் பாகமும் கிடைக்காது.

எந்தப் பழைய லென்சானாலும் நம் ஊரில் முதல் சோதனை பூஞ்சை. அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். நூல் நூலாக ஓரத்திலிருந்து படர்ந்திருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால் படர்ந்த மாதிரி இருந்தால் மங்கல், பெரும்பாலும் ஆவியான எண்ணெய். இது சல்காடோ பாணிக்கு நேரடிப் பகை: எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்க வெளிறிப்போகும். மற்ற வேலைக்கு ஓடுகிற லென்ஸ்கூட சூரியனுக்கு எதிரே தோற்றுவிடும். கடை வாசலிலேயே வானத்துக்கு எதிராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

டிரை கேபினட்டை முதலிலேயே சொன்னதற்கும் இதுதான் காரணம். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 60-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கேபினட்டை 45-இல் வையுங்கள். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பர், கிரீஸ் இரண்டும் காய்ந்து கெடும். காசு போதவில்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியில் 300 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. அந்த ஈரமானியையும் நம்பிவிடக் கூடாது: பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான பையில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். கூடக் காட்டினால் அந்த அளவைக் கழித்தும், குறையக் காட்டினால் கூட்டியும் படியுங்கள். ஏர்கோன் அறையிலிருந்து நேராக வெயிலுக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள்.

இனி வெளிச்சம். சல்காடோ படங்களில் மிகப் பெரும்பாலானவை எதிர்வெளிச்சம் அல்லது பக்கவாட்டு வெளிச்சம். பிரேசிலில் சுட்டெரிக்கும் வெயிலில் நிழலில் நின்றே வளர்ந்ததாகவும், தந்தை வெளிச்சத்துக்கு எதிராகத் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்துப் பழகியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வெயில் நமக்கும் தெரிந்ததுதான்.

பத்துமலையில் இதை எப்படிப் பிடிப்பது? 272 படிகளும் பெரும்பாலும் தெற்குப் பக்கமாக இறங்குகின்றன. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அப்போது சூரியன் தென்பக்கம் சாய்ந்தே போகும், நண்பகலில்கூட உச்சிக்கு வராது. ஆகவே கீழே நின்று மேலே பார்த்து எடுத்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், படம் தட்டையாகும். எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், 42.7 மீட்டர் முருகன் சிலை சட்டகத்தில் வர வேண்டும் என்பதற்காக. நீங்கள் மேலே ஏறி, கீழே பார்த்து நில்லுங்கள். ஏறி வரும் காவடிகள் வெளிச்சத்தை முதுகில் வாங்கி வரும், மயிற்பீலியின் விளிம்பு மின்னும், சாம்பிராணிப் புகை ஒளியாகும். 2018-இல் படிகளுக்கு வண்ணம் அடித்ததிலிருந்து கறுப்பு வெள்ளையில் அவை கோடு கோடாகக் கண்ணை இழுக்கின்றன. 60-ஐ வைத்து ஆட்களால் சட்டகத்தை நிரப்பினால் அந்தத் தொல்லை போகும். குகைக்குள் கூரைத் திறப்பு வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் 28-ஐ வைத்துக் காத்திருங்கள், புகை எழும்போது கதிர் தானே உருவம் எடுக்கும். விடியலுக்கு முன் சுங்கை பத்துவில் நீராடும் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 3200, 28 மி.மீ., 1/60. அருள் வந்து ஆடுபவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அது அவருக்கும் இடைஞ்சல், படமும் செத்துவிடும். காவடி திரும்பும் வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

எக்ஸ்போஷர் ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் தலைகீழ். ட்ரை-எக்ஸை 400-க்குப் பதிலாக 250 என்று வைத்து நிழலுக்கு அளவெடுங்கள். எதிர்வெளிச்சத்தில் நிற்கும் ஆளுக்கு 1/250, எஃப்/8 நல்ல தொடக்கம். பளிச்சென்ற பகுதிகளை டெவலப்பர் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) பார்த்துக்கொள்ளும்: டி-76, சம அளவு தண்ணீர், ஒரு ரோலுக்கு 150 மி.லி. டெவலப்பரும் 150 மி.லி. தண்ணீரும். 20 டிகிரி செல்சியசில் வழக்கமான நேரம் 9 நிமிடம் 45 விநாடி. 250-க்கு எடுத்திருந்தால் 15 சதவீதம் குறைத்து 8 நிமிடம் 15 விநாடி. முதல் 30 விநாடி தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு 30 விநாடிக்கும் 5 விநாடி. நம் குழாய்த் தண்ணீர் 20-க்குப் பக்கத்தில்கூட வராது, 27, 28 இருக்கும். ஐஸ்கட்டி போட்ட தொட்டியில் எல்லாப் பாட்டில்களையும் நிறுத்தி 20-க்கு இறக்குங்கள். டெவலப்பரை மட்டும் குளிர்வித்து, ஃபிக்ஸரையும் கழுவும் தண்ணீரையும் சூடாக விடுவது பொதுவான தவறு. ஜெலட்டின் திடீரென்று விரியும், குருணை திரளும். கழுவும் தண்ணீரை 22, 24 என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஈரக் காற்றில் ஃபிலிம் காய நேரம் பிடிக்கும், அதுவரை மேற்பரப்பு மென்மையாக இருக்கும். விரலாலோ துடைப்பானாலோ வழிக்காமல் அப்படியே தொங்க விடுங்கள். எடுத்த ரோலை இந்த வெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்காமல் ஓரிரு வாரத்துக்குள் கழுவிவிட வேண்டும்.

டிஜிட்டலில் பளிச்சென்ற பகுதியைக் காப்பாற்றுங்கள். புகையும் வெள்ளை வேட்டியும் வெடித்துப் போனால் திரும்ப வராது. நிழலை ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், தாராளமாகத் தூக்கலாம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது தைப்பூசத்துக்கே உரிய ஒரு சிக்கல் வரும்: மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி. ஃபிலிமில் வானத்துக்காக மஞ்சள் வடிகட்டி போட்டால் அந்தத் துணி எல்லாம் வெள்ளையாகி மடிப்பே தெரியாது. டிஜிட்டலில் மஞ்சள் ஸ்லைடரை 20 அளவு கீழே இறக்கி, ஆரஞ்சை 10 அளவு மேலே ஏற்றுங்கள். துணியில் மடிப்பு திரும்பும், நம் தோலின் நிறம் கருகாமல் உயிரோடு நிற்கும். நீல ஸ்லைடரை ரொம்ப இறக்கி வானத்தைக் கறுப்பாக்காதீர்கள், கோலாலம்பூர் வானம் பெரும்பாலும் வெண்மங்கல். இழுத்தால் திட்டுத் திட்டாகப் புள்ளி கிளம்பும்.

அதன் பிறகு முகத்தை ஒளிர்த்தும் ஓரங்களைக் கருக்கியும் இடம் இடமாக வேலை செய்யுங்கள். குருணையைக் கடைசியில், பிரிண்ட் அளவுக்கு மாற்றிய பிறகு சேர்க்க வேண்டும். முதலில் குருணை போட்டுப் பிறகு அளவை மாற்றினால் அது குழைந்து அழுக்கு மாதிரி ஆகும். குருணைக்கு மேல் கூர்மையாக்கினால் மணல் தூவியது போல் வரும்.

கேமராவில் 4:3 சட்டக விகிதம் இருந்தால் அதை வைத்து ராவிலேயே எடுங்கள். பல கேமராக்களில் ரா கோப்பில் முழுப் படமும் இருக்கும், திரையில் மட்டும் வெட்டித் தெரியும். உங்கள் கேமராவில் எப்படி என்று ஒரு படம் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பையில் இரண்டு பாடி இருந்தால் ஒன்றில் 28, மற்றதில் 60 மாட்டி அப்படியே விட்டுவிடுங்கள். திருநீறும் வியர்வையும் பறக்கும் இடத்தில் லென்ஸ் கழற்றுவது சென்சாருக்கு ஆகாது.

படங்களைத் தேர்ந்தெடுக்கத் தாளில் அச்சிடுங்கள். ஒரு ஏ4 தாளில் 20 படம் வீதம் கறுப்பு வெள்ளையில், குறிப்பு எதுவும் இல்லாமல். மறுநாளே பார்க்காமல் ஒரு வாரம் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில், 8 மடங்கு உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். சிவப்புப் பென்சிலால் ஒருமுறையும், இன்னொரு நாள் நீலப் பென்சிலால் மறுமுறையும் குறியுங்கள். இரண்டு நிறமும் விழுந்த படங்களை மட்டும் கணினியில் திறந்தால் போதும்.